குளிருக்கும் பெட் ஸ்கேனுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. கழுத்தில் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் வந்து, பாதி சிகிச்சை முடிந்திருக்கிறது. அடுத்த வாரம் கோவையில் பெட் ஸ்கேன். ‘குளிர் படாமல் கம்பளியோடு வாருங்கள்’ என்கிறார்கள். கதிரியக்க ஊசிக்கும் குளிருக்கும் என்ன தொடர்பு? அன்றே வீடு திரும்பினால் என் இரண்டு வயது மகனை அவள் தூக்கலாமா?

- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அந்தக் கம்பளியை மருந்துச்சீட்டில் எழுதிய மருந்தாகவே கருதி எடுத்துச் செல்லுங்கள். ஊசியில் ஏற்றப்படும் எப்.டி.ஜி. என்பது, குளுக்கோஸ் போன்ற மூலக்கூறில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்திச் செய்தது. உயிரணு அதைச் சர்க்கரை என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் முழுமையாகச் செரிக்க முடியாததால் அது அங்கேயே தங்கிவிடுகிறது. ஃபுளூரினிலிருந்து வெளிப்படும் பாசிட்ரான் என்ற நேர்மின் துகள், அருகிலுள்ள எலெக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது எதிரெதிர்த் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் பாய்கின்றன. உடலைச் சுற்றியுள்ள வளையம் அவ்விரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணிக்கிறது.

ஆக, படத்தில் தெரிவது சர்க்கரை போய்ச் சேர்ந்த இடம். புற்றுநோய் அணுக்கள் பெரும்பாலும் அதிகச் சர்க்கரையை உண்பதால் ஒளிர்கின்றன. மூளையும்தான் ஒளிரும், அதை மருத்துவர் எதிர்பார்த்தே இருப்பார். சிக்கல் பழுப்புக் கொழுப்பில் இருக்கிறது. குளிர் பட்டால் சர்க்கரையை எரித்து உடலுக்குச் சூடு தரும் இந்தக் கொழுப்பு, இளம் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அது இருப்பதோ கழுத்தின் இருபுறமும், காறை எலும்புக்கு மேலும், முதுகெலும்பை ஒட்டியும். உங்கள் தங்கைக்கு நோய் தேடப்படும் அதே இடம். உடன் எடுக்கும் சி.டி. படம் கொழுப்பையும் சுரப்பியையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டும் என்றாலும், மீதிச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் படத்தில் அந்தக் குழப்பத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? முதல்நாள் இரவிலிருந்தே உடலைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும். வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கோவை வெயிலை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறையில் நடுங்க வேண்டாம். ஊசிக்கு முன்பும், போட்ட பிறகு படுத்திருக்கும் ஒரு மணி நேரமும் போர்வை அவசியம்.

நம் மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில் குமட்டலுக்காக வாயில் போடும் புளிப்பு மிட்டாய் அன்று கூடாது. ஆறு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டுமே. மிட்டாயின் சர்க்கரையால் இன்சுலின் ஏறினால் மருந்து தசைகளுக்குள் போய்விடும். மறந்து போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குமட்டல் மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபுளூரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், மருந்து நேரம் கணக்கிட்டே வருகிறது. பனிமூட்டத்தில் தாமதமானால் உடனே தொலைபேசியில் தெரிவியுங்கள். அதே வேகத்தால், ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே எஞ்சும். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரிலும் வெளியேறும். எவ்வளவு நேரம் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று மருத்துவமனை குறித்துத் தந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையேல் அன்றிரவு மகன் உங்களோடு படுக்கட்டும், காலையில் சித்தியின் மடிக்குப் போகலாம்.