காட்பாடிக்கு வெளியே வாரியக் குடியிருப்பு: நின்றுபோன டவுன் பஸ்ஸைத் திரும்ப வரவைப்பது எப்படி?

கேள்வி: காட்பாடிக்கு வெளியே உள்ள நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். 9 பிளாக், 288 வீடு. கொரோனாவுக்கு முன்பு எங்கள் ஆர்ச் வரை டவுன் பஸ் ஒரு நாளைக்கு ஆறு நடை வந்தது. இப்போது காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இரண்டே நடை. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் பெண்கள் காலை 7 மணிக்கு உள்ளே கைநாட்டு வைத்தாக வேண்டும். மெயின் ரோடு ஸ்டாப்பிங் 2.2 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு 30 ரூபாய். மூன்று முறை மனு கொடுத்தும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றுதான் பதில். இதற்கிடையே தண்ணீர் மோட்டார் அடிக்கடி ரிப்பேர். வசூலுக்குப் போனால் சண்டை. சங்கம் பதிவு செய்தால்தான் மனு எடுபடும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, காட்பாடி

பதில்: சங்கத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த மூன்று மனுக்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘எங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று இருந்தால், அதற்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. அந்த மனுவைக் கையில் வாங்கும் டிப்போவின் கிளை மேலாளர் எந்த வண்டியை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து எடுத்து உங்கள் பக்கம் திருப்புவார்? அதை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

நடைகள் ஏன் குறைந்தன என்பது தெரிந்தால் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். 2020 மார்ச் கடைசியில் பஸ்கள் நின்றன. ஜூனில் பாதி ஓடி, ஜூலையில் நின்று, செப்டம்பரில் மறுபடி ஓடி, 2021 மே மாதம் மறுபடி நின்று, ஜூலையில்தான் எல்லா மாவட்டங்களிலும் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கூட்டம் உள்ள தடத்துக்குத்தான் வண்டியும் ஆளும் முதலில் போகும். ஓரத்துத் தடங்களுக்கு மீதி. அந்த ‘தற்காலிக’ ஏற்பாடே பல இடங்களில் நிரந்தர டைமிங் ஆகிவிட்டது. இதற்குள் ஜனம் போகிற இடமும் மாறிவிட்டது. 2022 ஜூனில் வேலூர் புதிய பஸ் ஸ்டாண்ட் திறந்தது. அதே ஆண்டு ராணிப்பேட்டை பக்கம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் புதிய வளாகம் திறந்து, சில பிரிவுகள் அங்கே போயின. ஆகவே ‘பழையபடி ஆறு நடை’ என்று கேட்பது தவறு. 2019-ல் இருந்த ஆறு நடை இன்றைக்கு உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம்.

இனி கணக்கெடுப்பு. இதில்தான் ஒரு வாரம் செலவழிக்க வேண்டும். பிளாக்குக்கு இரண்டு பேர் என 18 பேர் போதும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது, எழுத்து சுத்தமாக இருக்கும். வீட்டுக்கு வீடு கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: தினமும் வெளியே போகிறவர் யார் யார், எங்கே, எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், திரும்ப எத்தனை மணிக்குக் கிளம்புவார், இப்போது எதில் போகிறார், என்ன செலவு. ‘எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். இப்போது ஆட்டோ கிடைக்கிற நேரத்துக்குக் கிளம்புகிறவர், பஸ் வந்தால் வேறு நேரத்தில் கிளம்புவார். போய்ச் சேர வேண்டிய நேரம்தான் மாறாதது. ‘பஸ் வந்தால் ஏறுவீர்களா?’ என்ற கேள்வியும் வேண்டாம். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அதற்கு மதிப்பில்லை.

வீட்டுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், ஆர்ச்சில் ஒரு நாற்காலி போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து எண்ண வேண்டும். ஒரு செவ்வாய், ஒரு வியாழன், ஒரு சனி. காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் இரவு 9.30 வரை. நடந்து போகிறவர், ஷேர் ஆட்டோ, டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போகிறவர், கம்பெனி வேன் என்று நான்கு கட்டம். அரை மணிக்கு ஒரு வரிசை. ஷூ கம்பெனி வேனில் போகிறவர்களைத் தனியாக எழுதுங்கள். அவர்களுக்கு வண்டி இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக் காட்டினால் அதிகாரி ஒரே கேள்வியில் உங்கள் கணக்கை உடைத்துவிடுவார். பரீட்சை முடிந்த வாரம், பொங்கல் வாரம், ஆடி மாதம் கோயில் திருவிழா நடக்கும் நாட்கள் ஆகியவற்றில் எண்ணாதீர்கள்.

முடிவில் உங்கள் கையில் ஒரே ஒரு பக்கம் இருக்க வேண்டும். உதாரணமாக ‘காலை 5.30–6.00: 41 பேர், அதில் பெண்கள் 33, சேருமிடம் சி.எம்.சி., 7 மணிக்குள்’ என்று. ஒரு டவுன் பஸ்ஸில் ஏறத்தாழ 50 இருக்கை. 41 என்றால் அந்த நடை கிட்டத்தட்ட நிறைகிறது என்று அவரே புரிந்துகொள்வார்; நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

எதைக் கேட்பது? புதிய தடம் கேட்காதீர்கள். புதிய தடம் என்றால் புதிய வண்டி, இரண்டு ஷிப்டுக்கு ஓட்டுநர், நடத்துநர், பெர்மிட் என்று போகும். மெயின் ரோட்டில் ஏற்கெனவே போகிற டவுன் பஸ்ஸில் நான்கு நடையை மட்டும் உங்கள் ஆர்ச் வரை நீட்டித்துத் தரச் சொல்லுங்கள். இதற்குத் தட நீட்டிப்பு என்று பெயர். கணக்கு இப்படி: உள்ளே 2.2, வெளியே 2.2, ஆக ஒரு நடைக்கு 4.4 கி.மீ. நான்கு நடைக்கு 17.6 கி.மீ. லிட்டருக்கு 5 கி.மீ. என்று வைத்தாலும் டீசல் மூன்றரை லிட்டர்தான். டீசல் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை அல்ல, நேரம்தான் பிரச்சினை. வேகத்தடை, வண்டி திருப்புவது எல்லாம் சேர்த்து நடைக்கு 12 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 48 நிமிடம். அந்த 48 நிமிடம் ஓட்டுநரின் சாப்பாட்டு நேரத்திலிருந்தோ கடைசி நடையிலிருந்தோதான் போகும். அதனால்தான் டிப்போவில் தயங்குவார்கள். இதற்குப் பதிலை நீங்களே எழுதிக் கொடுங்கள்: ‘காலை 10 மணி நடையில் எங்கள் ஸ்டாப்பிங்கில் நாளொன்றுக்கு 4 பேர்தான் ஏறுகிறார்கள், அதை நிறுத்திவிட்டு 5.50-க்கு விடவும்’. ஒரு நடையை விட்டுக்கொடுக்கும் மனுவை டிப்போவில் அபூர்வமாகத்தான் பார்ப்பார்கள்; எடுத்து வைத்துப் படிப்பார்கள்.

கடைசி நடைக்கு இன்னொரு வழி உண்டு. இரவு கடைசி வண்டி உங்கள் ஆர்ச்சிலேயே நைட் ஹால்ட் ஆகி, அதுவே விடிகாலை முதல் வண்டியாகக் கிளம்புவது. கிராமங்களில் காலங்காலமாக இருக்கிற ஏற்பாடுதான். ஆனால் நடத்துநரும் ஓட்டுநரும் படுக்க ஒரு அறை, கழிப்பறை, தண்ணீர், கலெக்ஷன் பணத்துக்குப் பாதுகாப்பு ஆகியவை வேண்டும். உங்கள் சமுதாயக் கூடத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு அறையை இதற்குத் தர முடிந்தால், 5.50 வண்டி தாமதமாகிற பேச்சே இருக்காது.

மனு கொடுக்கும் முன் ரோட்டை நீங்களே அளந்துவிடுங்கள். பஸ் வராததற்கு மாதக்கணக்கில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இதுதான். வண்டி ஒரே வளைவில் திரும்ப ஏறத்தாழ 25 மீட்டர் விட்டத்துக்குத் திறந்த இடம் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் ரிவர்ஸ் எடுக்க ஒரு கிளைத் தெரு வேண்டும். அங்கே டூவீலரும் தள்ளுவண்டியும் நிற்கக் கூடாது. பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். உள்ரோடு ஐந்தரை மீட்டருக்குக் குறைவாக இருந்தால் எதிரே லாரி வரும்போது ஒன்று சாக்கடையில் இறங்கும். கேபிள் டிவி ஒயர், புளியங்கிளை எதுவும் 5 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. சிறுபாலம் இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். கூட்டு ஆய்வுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தினரும் போக்குவரத்துக் கழகத்தினரும் வரும்போது இதையெல்லாம்தான் பார்ப்பார்கள். ஒரு ஒயரைக் காரணம் காட்டித் திரும்பிப் போய்விட்டால் அடுத்த ஆய்வு எப்போது என்று சொல்ல முடியாது.

ரோட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரியக் குடியிருப்புகள் பலவற்றில் உள்சாலை யாருடையது என்பதே முடிவாகாமல் கிடக்கும். வாரியம் கட்டியது, மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ ஒப்படைக்கவில்லை. குழி விழுந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். வாரியத்தின் செயற்பொறியாளருக்கு ஒரே கேள்வி எழுதிக் கேளுங்கள்: இந்தச் சாலை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதா, எந்தத் தேதியில்? பதில் கைக்கு வந்த பிறகு தெருவிளக்கையும் யாரிடம் கேட்பது என்பது தெளிவாகிவிடும். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் இதை உங்கள் வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுப்பித் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்; கவுன்சிலரிடம் வாயால் சொல்வதைவிட அது நிற்கும்.

உங்கள் பக்கம் முன்பு தனியார் டவுன் பஸ் வந்ததா? வேலூரில் அதற்கு வாய்ப்பு அதிகம். பெர்மிட்டில் உங்கள் ஆர்ச் வரை தடம் இருக்கும். வண்டி மெயின் ரோட்டிலேயே திருப்பிக்கொண்டு போய்விடும். அப்படியென்றால் புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை, இருக்கிற பெர்மிட்டை ஓட்ட வைத்தால் போதும். அந்தத் தடத்தின் அங்கீகரிக்கப்பட்ட டைமிங் ஷீட்டை வட்டாரப் போக்குவரத்து (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து நாள், வண்டி எண்ணோடு, வராத நடைகளைக் குறித்து வையுங்கள். பெர்மிட் நிபந்தனையை மீறினால் அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 86-வது பிரிவு இடம் தருகிறது. இதை மனுவில் ஒரு வரியாக எழுதினால் போதும், மிரட்டலாக எழுத வேண்டாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: தனியார் பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட்தான். ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அரசு வண்டிதான் தேவை.

அரசு வண்டியும் முடியாது, தனியாரும் இல்லை என்றால் மினி பஸ். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கி.மீ. வரை போகலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் வேறு பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். உங்களுடைய 2.2 கி.மீ. மட்டும் வைத்து அந்த 65 சதவீதம் தேறாது. பக்கத்தில் பஸ் இல்லாத இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்துத் தடம் வரைந்து கொடுத்தால்தான் எடுபடும். இதை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மனு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கணக்கு அட்டவணையும் ரோடு அளவும் இணைப்பு. ‘தடம் எண் இன்னது, காலை 5.50, 6.40, மாலை 5.30, இரவு 8.15 ஆகிய நான்கு நடைகளை மட்டும் எங்கள் ஆர்ச் வரை நீட்டிக்கவும்’ என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். உங்கள் அட்டவணை வேறு நேரம் சொன்னால் அந்த நேரத்தைப் போடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். அதே நாளில் நகல்கள் அரசுப் போக்குவரத்துக் கழக விழுப்புரம் கோட்டத்தின் வேலூர் மண்டலப் பொது மேலாளருக்கும், கிளை மேலாளருக்கும், ஆர்.டி.ஓ.வுக்கும் போகட்டும். முதல்வரின் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். ஆனால் அட்டவணையை போனில் சொல்ல முடியாது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

30 நாளில் உருப்படியான பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மண்டலத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் பஸ் விடவில்லை’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று திரும்பும். ஆவணமாகக் கேளுங்கள்: 2020 பிப்ரவரியில் இந்தத் தடத்தில் தினசரி எத்தனை நடை, இப்போது எத்தனை, குறைத்த உத்தரவின் நகல், எங்கள் மனு மீது எடுத்த குறிப்பின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பஸ் வந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் மாதம் டிப்போவில் கலெக்ஷனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆட்டோவுக்குப் பழகியவர்கள் ‘பார்க்கலாம்’ என்று காத்திருப்பார்கள். ஆறாவது வாரம் நடை காணாமல் போகும். பெண்கள் கட்டாயம் ஜீரோ டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டிக்கெட் உண்டு. நீங்கள் ஏறியதற்கு அந்தச் சீட்டுதான் கணக்கு. கூட்டத்தில் கண்டக்டர் கொடுக்காமல் விட்டால், மெஷினைப் பொறுத்தவரை பஸ் காலியாகத்தான் போயிருக்கிறது. ஒருவருக்கு ஆட்டோவில் நாளுக்கு 60 என்றால் 26 நாளைக்கு 1,560 ரூபாய் மிச்சம். முதல் மாதம் ஐந்து நிமிடம் முன்னதாக வந்து நிற்பதற்கு இந்தக் காரணம் போதாதா? ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்களில் உங்கள் பிளாக்காரர்களும் இருப்பார்கள். பஸ் இல்லாத நேரத்துக்கும் ஸ்டேஷன் சவாரிக்கும் அவர்கள் மாறிக்கொள்ளப் பேசி முடியுங்கள். இல்லையென்றால் பஸ் திரும்பும் இடத்திலேயே நான்கு ஆட்டோ நிற்கும்.

சங்கத்துக்கு வருவோம். பஸ் மனுவுக்குப் பதிவு செய்த சங்கம் அவசியமில்லை, அட்டவணைதான் அவசியம். மோட்டாருக்குத்தான் சங்கம் வேண்டும். வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில், குடியிருப்போர் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு அரசும் தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. அது சங்கத்தின் வழியாகத்தான் நடக்கும். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஒன்பது பேராக வையுங்கள், பிளாக்குக்கு ஒருவர், பாதிக்கு மேல் பெண்கள். வாரிய அலுவலகத்தில் மாதிரி விதிமுறை கேட்டு வாங்கினால் வக்கீல் செலவு மிச்சம்.

வசூலில் சண்டை வருவது பெரும்பாலும் தொகைக்காக அல்ல, கணக்கு தெரியாததால். மேல்மாடியில் இருப்பவர் ‘எங்களுக்குத் தண்ணீரே ஏறவில்லை, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்’ என்பார். அது நியாயமான கேள்வி. அதனால் முதல் மாத வசூலில் பெயின்ட், கேட் என்று இறங்காமல், மோட்டாரை ரீவைண்டிங் செய்து, டிரை ரன் தடுப்பான் ஒன்றும் பொருத்துங்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடிக் காயில் கருகுவதால்தான் ஒரே மோட்டார் மறுபடி மறுபடி ரிப்பேருக்குப் போகிறது. பில்லை ஆர்ச்சில், பஸ் டைமிங் எழுதிய பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.