வலையை விட்டார், பாட்டையும் விட வேண்டுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம் டாக்டர். அப்பாவுக்கு 64 வயது. முழங்கால் வலியால் ஒரு வருடமாகக் கரைவலை இழுக்கப் போவதில்லை. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டில் ஊரில் பெயர் எடுத்தவர், திருவிழா நாடகத்திலும் பாடுவார். இப்போது மூன்று மாதமாகத் திண்ணையே கதி. தூக்கமில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. "மறுபடி பாடச் சொல்லு, சரியாயிடும்" என்கிறார்கள். பாட்டு நோயைத் தீர்க்குமா?

பதில்: பாட்டு உதவும் அம்மா. ஆனால் முதலில் அவரை மருத்துவரிடம் காட்டுங்கள். எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனாலே மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. 'வயசானால் இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள், இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை பரிசோதனைகளோடு காதையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமானதை வெளியே சொல்லக் கூசி, பேச்சையே குறைத்துக்கொண்ட பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதற்குள் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் அன்றே கூட்டிப் போங்கள்.

இனி பாட்டு. பாம்பன் பக்கம் ஒரு காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றின் கடைசியில் ஒரு பெரியவர். கயிறு அவர் கையில் சும்மாதான் கிடந்தது. ஆனால் அவர் அடி எடுத்துக் கொடுத்தால்தான் முன்னால் நின்றவர்கள் 'ஏலேலோ' என்று ஒரே மூச்சில் இழுத்தார்கள். அவர் இருமுவதற்காகப் பாட்டை நிறுத்தியபோது வலையும் நின்றது. மீன் பிரித்தபோது அவருக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். உங்கள் அப்பா இழந்தது அந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

கலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 6,710 பேரை 14 ஆண்டுகள் கவனித்து, 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறையாவது நாடகம், கச்சேரி, கண்காட்சி என்று போனவர்களிடம் இறப்பு அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. நடமாட்டமும் வசதியும் உள்ளவர்கள்தானே போவார்கள் என்று கேட்கலாம். அதையும் கணக்கில் எடுத்த பிறகே இந்த எண் வந்தது. கலைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயம். செலவைக் குறைக்க வேண்டுமென்றதும் ஊர்க்கூட்டத்தில் முதலில் நாடகத்தில் கை வைப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் "பாடுங்க" என்று சொல்லாதீர்கள், அது அவருக்கு இன்னொரு பாரம். "இந்த அடி எப்படிப்பா வரும்?" என்று பேரனைக் கேட்கச் சொல்லுங்கள். போனில் பாட்டைப் போட்டுக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். நாடக ஒத்திகைக்கு அது நல்ல நேரம். அவருக்குக் கைவைத்த நாற்காலி ஒன்று போடுங்கள், முழங்காலுக்கு எழுந்து உட்காரச் சுலபமாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் நீண்டால் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள், இப்போதைக்குத் தூக்கமும் அவருக்கு மருந்துதான்.