கணினியால் இயக்கும் கமரா: காசைக் கொடுக்குமுன் கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வாசிகசாலையிலுள்ள பழைய கையெழுத்துக் கொப்பிகளையும் சஞ்சிகைகளையும் படமெடுத்துச் சேமிக்க விரும்புகிறோம். கமராவைத் தாங்கியொன்றில் கீழ்நோக்கிப் பொருத்தி, அதைத் தொடாமல் மடிக்கணினியிலிருந்தே படமெடுக்க வேண்டும். மடிக்கணினியில் உபுண்டு என்ற இயங்குதளம் இருக்கிறது. நகரிலுள்ள கடையொன்றில் பாவித்த கெனன் 1100டி ஒன்றையும், ஏறத்தாழ அதே விலையில் புதிய சிறிய கமரா ஒன்றையும் காட்டினார்கள். யூ.எஸ்.பி. வயர் பொருந்தும் எந்தக் கமராவையும் கணினியால் இயக்கலாம் என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?
– வாசகர், உவர்மலை

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. வயர் பொருந்தினால் எடுத்த படங்களைக் கணினிக்கு மாற்றலாம். ஆனால் கணினியிலிருந்து கட்டளையிட்டுப் படம் எடுக்க வைப்பது வேறு விடயம். பெரும்பாலான கமராக்கள் கணினியுடன் பி.டி.பி. என்ற நெறிமுறையில், அதாவது இரண்டும் தகவல் பரிமாறும் பொது விதிமுறையில், பேசுகின்றன. அந்த நெறிமுறையில் படம் எடுக்கும் கட்டளைக்கு இடம் உண்டு என்றாலும், அதற்குக் கீழ்ப்படிவதா இல்லையா என்பதைத் தயாரிப்பாளர் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறார். கெனனின் பழைய பவர்ஷொட் கமராக்கள் சிலவற்றில் இருந்த இந்த வசதி, பின்னர் வந்த சிறிய கமராக்களில் நீக்கப்பட்டது. ஆகவே உங்கள் தேவைக்குப் பாவித்த 1100டியே பொருத்தமானது என்பது என் கருத்து. 2011இல் வெளிவந்த, 12 மெகாபிக்சல் அளவுடைய அந்தக் கமரா கொப்பிப் பக்கங்களுக்குத் தாராளமாகப் போதும்.

உபுண்டுவில் இந்த வேலையைச் செய்வது ஜிபோட்டோ2 (gphoto2) என்ற இலவசத் திறந்த மூல மென்பொருளும் (அதன் நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம்), அதற்கு அடித்தளமான லிப்ஜிபோட்டோ2 என்ற நிரல் தொகுப்பும் ஆகும். எந்தெந்த மாதிரிகளில் படம் எடுக்கலாம், எவற்றில் நேரடிக் காட்சி கிடைக்கும், எவற்றின் அமைப்புகளை மாற்றலாம் என்பதைக் காட்டும் பட்டியல் அத்திட்டத்தின் இணையத்தளத்தில் உண்டு. கடைக்குப் போகுமுன் அதில் மாதிரியின் முழுப் பெயரையும் தேடுங்கள். பெயர் இருப்பது மட்டும் போதாது, படம் எடுக்கும் வசதியும் அங்கே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கமராவை இணைத்து ஆட்டோ-டிடெக்ட் (gphoto2 --auto-detect) என்ற கட்டளையை இட்டால் மாதிரியின் பெயர் திரையில் வர வேண்டும்; அடுத்து கெப்சர்-இமேஜ்-அன்ட்-டவுன்லோட் (gphoto2 --capture-image-and-download) கட்டளையை இட்டால் கமரா ‘சடக்’ என்று ஒலித்து, படம் மடிக்கணினியில் வந்து விழ வேண்டும். கமரா வேறொரு நிரலின் பிடியில் இருப்பதாகப் பிழைச்செய்தி வந்தால் பதற வேண்டாம். உபுண்டு தானாகவே கமராவைத் திறந்து வைத்துக்கொள்வதால் வரும் வழமையான சிக்கல் அது. கோப்பு நிர்வாகியில் கமராவின் பெயருக்கு எதிரேயுள்ள வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள். குவியம் கிடைக்கவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், லென்ஸின் பக்கத்திலுள்ள ஆளியை ஏ.எப். (தானியங்கிக் குவியம்) இலிருந்து எம்.எப். (கையால் குவியப்படுத்துவது) இற்கு மாற்றுங்கள். கொப்பிகளைப் படமெடுக்கும்போதும் அதை எம்.எப். இலேயே விடுவது நல்லது. வெறுமையான பக்கம் வந்தால் தானியங்கிக் குவியம் தடுமாறும்.

வயரைப் பற்றியும் ஒரு சொல். 1100டிக்கு வேண்டியது பழைய மினி-பி வகை முனை; இப்போதைய கைபேசி வயர்கள் அதற்குப் பொருந்தா. பழைய முனையுடன் கிடைக்கும் வயர்களிலும் சில மின்னேற்றுவதற்கு மட்டுமே உதவும், தரவைக் கடத்தும் கம்பிகள் அவற்றில் இரா. அப்படியொரு வயரை மாட்டிக்கொண்டு, கமராதான் பழுது என்று ஒரு பிற்பகல் முழுவதும் அதைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். யூ.எஸ்.பி. 2.0 வயர் 5 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. உங்கள் வேலைக்கு 2 மீற்றரே போதும். கமராவின் பக்கத்திலுள்ள இறப்பர் மூடியைத் திறந்து, உள்ளேயுள்ள தொடுமுனைகளைக் கைவிளக்கின் ஒளியில் பாருங்கள். கடற்காற்றில் புழங்கிய கமராக்களில் அங்கே பச்சைக் களிம்பு பிடித்திருப்பதுண்டு. கண்டால் விலையைக் குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம், ஏனென்றால் உங்கள் வேலை முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் நடக்கப்போகிறது. லென்ஸில் பூஞ்சணம் உண்டா என்பதை அதே விளக்கால் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கியபின் கட்டளைகளைத் தட்டச்சிட்டுக்கொண்டிருக்க விருப்பமில்லையெனில் என்டாங்கிள், டார்க்டேபிள் ஆகிய இரண்டில் ஒன்றை நிறுவுங்கள். இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். இரண்டிலும் படம் எடுத்த உடனேயே திரையில் பெரிதாகத் தெரியும். ஜிபோட்டோ2 இல் வழமையாகப் படம் கமராவின் தற்காலிக நினைவகம் வழியாகக் கணினிக்கு வருமேயன்றி அட்டையில் தங்காது. அட்டையிலும் ஒரு பிரதி வேண்டுமானால் கெப்சர்டாகெட் (capturetarget) என்ற அமைப்பை அட்டைக்கு மாற்றி, கட்டளையோடு கீப் (--keep) என்பதையும் சேர்க்க வேண்டும்; கீப் இல்லாவிட்டால் கணினிக்கு வந்ததும் அட்டையிலுள்ள படம் அழிக்கப்பட்டுவிடும். மின்னிணைப்புக்கான ஏ.சி. அடப்டரை வாங்குவதைவிட, 1100டிக்குரிய எல்.பி.-ஈ10 பற்றரி ஒன்றை மேலதிகமாக வாங்குவதே மேல். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது.

கேள்வி: நிக்கோன் கமரா வைத்திருக்கிறேன், கணினியில் வின்டோஸ். விற்பனைக்கான சேலைகளைப் படமெடுக்கும்போது பெரிய திரையில் பார்க்க வேண்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: தேவையில்லை. டிஜிகேம்கன்ட்ரோல் என்ற திறந்த மூல மென்பொருள் வின்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. நிக்கோன், கெனன் மாதிரிகள் பலவற்றை அது இயக்கும். நிக்கோனின் தொடக்கநிலைக் கமராக்களில் மாதிரிக்கு மாதிரி வசதி வேறுபடுவதால், உங்களுடையது அம்மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினியால் இயக்கலாம் என்று கடையில் சொன்னதை நம்பிக் கெனனின் சிறிய கமரா ஒன்றை வாங்கிவிட்டேன். இயங்கவில்லை. இனி என்ன செய்வது?
– வாசகர், திருகோணமலை

பதில்: இரண்டு வழிகள் உள்ளன. கெனனின் சிறிய கமராக்கள் பலவற்றுக்குச் சி.எச்.டி.கே. என்ற திறந்த மூலச் சேர்க்கை உண்டு. அதை நினைவக அட்டையிலிருந்து ஏற்றினால் கணினியிலிருந்து படமெடுக்கலாம், அட்டையை மாற்றினால் கமரா பழையபடி ஆகிவிடும். ஆனால் உங்கள் மாதிரிக்கும் அதன் உள்மென்பொருள் (கமராவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல்) பதிப்புக்கும் சரியாகப் பொருந்தும் கோப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்குக் கோப்பு இல்லையென்றால் பற்றுச்சீட்டுடன் கடைக்குப் போய்க் கேளுங்கள். அங்கும் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1977. வாய்ச்சொல்லை நிரூபிப்பது கடினம் என்பதால், உவர்மலை வாசகர் வாங்கும்போது பற்றுச்சீட்டில் மாதிரியின் பெயர், தொடர் இலக்கம் ஆகியவற்றோடு ‘கணினியால் இயக்கிக் காட்டப்பட்டது’ என்றும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.