நெஞ்சுவலிக்கு இத்தனை மாத்திரையா? கேள்வி பதில்

கே: நடந்தாலே அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது. டாக்டர் ஐந்து மாத்திரை எழுதியிருக்கிறார். வலிக்கு ஒன்று போதாதா?

ப: சீட்டை எடுத்து இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வலியைக் குறைப்பவை ஒரு பக்கம், மாரடைப்பைத் தடுப்பவை மறுபக்கம். மறுபக்கத்தில் உள்ள, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும் சாப்பிட்டவுடன் எதுவும் தெரியாது. அதனால்தான் பலர் அவற்றையே முதலில் நிறுத்துகிறார்கள். 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், நெஞ்சுவலியோ பழைய மாரடைப்போ உள்ள 4,444 பேரில் பாதிப்பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினைக் கொடுத்தார்கள். அவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. அதற்கு முன் சீட்டில் பெரும்பாலும் வலி மருந்துகள்தான் இருந்தன.

கே: இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எல்லோருக்கும் கட்டாயமா?

ப: இல்லை. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1960களில் ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரை உருவாக்கியபோது அவர் யோசனையே வேறு: இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால், இதயத்தின் வேலையைக் குறைப்போம். நல்ல யோசனைதான், 1988இல் நோபலும் கிடைத்தது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அவருக்கு ரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்கள் இருக்கின்றன. இரண்டுமே இன்று முதல் வரிசைதான்.

கே: நைட்ரேட் மாத்திரை காலையும் மதியமும் மட்டும். ராத்திரிக்கு ஏன் இல்லை?

ப: மறதியால் விட்டதில்லை, வேண்டுமென்றே விட்ட இடைவெளி. டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரினும் ஒரு நைட்ரேட்தான். டைனமைட் தொழிற்சாலைக்காரர்களுக்கு அதனால் திங்கள்கிழமை மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகி வலி போய்விடும். லீவு முடிந்து வந்தால் மறுபடி ஆரம்பம். மாத்திரையும் அப்படித்தான். நாள் முழுக்க ரத்தத்தில் இருந்தால் வேலை செய்யாமல் போகும்.

கே: அடைத்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தாயிற்று. இனி மாத்திரையை விடலாமா?

ப: கூடாது. ஸ்டென்ட் ஓர் இடத்தை விரிக்கிறது, கொழுப்பு படிவது எல்லாக் குழாயிலும். அதிலும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து, ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம்.

கே: (பெயர் வேண்டாம்) நைட்ரேட்டோடு சில்டெனாஃபில் (வயாகரா) எடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம், ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், சில்டெனாஃபிலையே முதலில் நெஞ்சுவலிக்குத்தான் சோதித்துப் பார்த்தார்கள். அதைச் சாப்பிட்டபின் நெஞ்சுவலி வந்தால், கூச்சப்படாமல் ஆம்புலன்ஸ்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.