இலையைத் தைத்த குருவி எது, மருந்து அடிக்கலாமா?

கொல்லையில் உள்ள கத்தரிச் செடியில் இலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது, வாலைத் தூக்கியபடியே திரிகிறது, இது தையல்சிட்டா, செடிக்கு இந்த வாரம் மருந்து அடிக்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இலையைத் தைத்தாலே தையல்சிட்டு என்று முடிவு செய்ய வேண்டாம். நம் ஊர்த் தோட்டங்களில் சாம்பல் கதிர்க்குருவியும் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். கூட்டைக் கிளறாமல், தள்ளி நின்று பறவையைப் பாருங்கள். உச்சந்தலை செம்பழுப்பு, முதுகு இலைப்பச்சை என்றால் தையல்சிட்டு. மேலே கருஞ்சாம்பல், வயிறு மங்கிய செம்மஞ்சள், கண் சிவப்பு என்றால் சாம்பல் கதிர்க்குருவி. அது செடி விட்டுச் செடி பறக்கும்போது 'டக் டக்' என்று சொடுக்குப் போடுவது போல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

கதிர்க்குருவிகள் பிரினியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் இன்னும் சில இனங்கள் உண்டு. வெளிர்பழுப்பு நிறமும் வெளுத்த புருவமுமாக வயலிலும் புல்வெளியிலும் திரிவது சாதா கதிர்க்குருவி. வறண்ட முட்புதர்க்காட்டில் இருப்பது காட்டுக் கதிர்க்குருவி, அலகு சற்றுத் தடித்தது. இவை உங்கள் கத்தரிச் செடிக்கு வருவது அபூர்வம்.

சரி, மருந்து? இப்போது வேண்டவே வேண்டாம். இந்தக் குருவி குஞ்சுக்கு ஊட்டுவது உங்கள் செடியிலிருக்கும் புழு பூச்சிகளைத்தான். மருந்து பட்ட புழு நேராகக் குஞ்சின் வாய்க்குப் போகும். அடைகாக்க ஏறத்தாழ 12 நாள், குஞ்சு வெளியேற மேலும் இரண்டு வாரம் ஆகும். ஒரு மாதம் பொறுத்தால் போதும். அதுவரை சொத்தைக் காய்களைக் கையால் பறித்து அழித்துவிடுங்கள். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். கூட்டைச் சுற்றியுள்ள இலைகளைக் கழிக்காதீர்கள், காகத்திடமிருந்தும் செம்போத்திடமிருந்தும் கூட்டை மறைப்பது அவைதான். நாம் அடிக்கடி எட்டிப் பார்த்தாலும் அந்தப் பறவைகளுக்குக் கூட்டின் இடம் தெரிந்துவிடும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வது உண்மையல்ல.