பந்தில் மட்டும் வருடம்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் சாயங்காலம் கால்பந்தாடும் பையன்களை இரண்டு வருடமாகப் படம் எடுத்துவருகிறேன். வேலை முடிந்து போய்ச் சேர ஐந்தரை ஆகிவிடும். அதனால் பெரும்பாலும் சூரியனைப் பார்த்து, நிழலுருவமாகத்தான் எடுக்கிறேன். மைதானத்துச் சுவரில் மாரடோனாவை வரைந்திருக்கிறார்கள். அவர் நினைவு நாளான நவம்பர் 25 வந்தால் மாலை, ஊதுபத்தி எல்லாம் உண்டு. நேரில் பார்த்தே இராத ஒருவருக்கு இந்தப் பொடியன்கள் அஞ்சலி செலுத்துவது எனக்குக் கொஞ்சம் போலியாகப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ‘நாளைய மாரடோனாக்கள்’ என்ற தலைப்பில் பத்துப் படங்களை இணைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது கேமராவோடு வந்த லென்ஸ். வேறு வாங்க வேண்டுமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

நான்காவது படத்தை விட்டு வர எனக்கு நேரம் பிடித்தது. வெள்ளைப் பனியனின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் 7 போட்டிருக்கிறான். வியர்வையில் மை ஊறி, அந்த ஏழின் கால் இடுப்புவரை வழிந்திருக்கிறது. முட்டி உயரத்துக்குப் புழுதி மஞ்சள்பொடி தூவினாற்போல நிற்கிறது. பத்துப் படங்களில் இது ஒன்றுதான் வெயில் உங்கள் முதுகில் அடிக்க எடுத்தது. உங்களுக்குக் கண் இருக்கிறது தம்பி, அதில் சந்தேகமே இல்லை.

மற்ற ஒன்பதும் வேண்டாம். கறுப்பு உருவம், ஆரஞ்சு வானம், அந்தரத்தில் ஒரு பந்து. காலண்டர் போடுகிறவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதில் இருப்பது எந்தப் பையன் என்று அவனைப் பெற்றவளால்கூடச் சொல்ல முடியாது.

மாரடோனா விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. போலி என்று சொல்ல நீங்கள் யார்? பார்த்தே இராத கொள்ளுப்பாட்டனுக்கு அமாவாசைக்குச் சோறு வைக்கிறோமே, அது என்ன? அந்தப் பையன்கள் மாலை போடட்டும், விடுங்கள்.

என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறு. மாரடோனா போன அதே 2020-இல் மார்ச் 20 அன்று நம் இந்தியக் கால்பந்து வீரர் பி.கே.பானர்ஜி போனார். நாற்பத்தோரு நாள் கழித்து, ஊரடங்குக்கு நடுவில், அவரோடு ஆடிய சுனி கோஸ்வாமி. அந்த மூவரணியில் மிஞ்சியிருந்தவர் துளசிதாஸ் பலராம். 2023 பிப்ரவரி 16 அன்று அவரும் போனார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முதல் ஆட்டத்தில் தங்களை 2-0 என்று தோற்கடித்த தென்கொரியாவையே இறுதியில் 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் முன்வரிசை அது. பலராம் செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்தவர், பெற்றோர் தமிழர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் அவருடையது. நுரையீரல் நோய் வந்து 1963-இலேயே ஆட்டம் நின்றுபோனது. ஜகார்த்தா இறுதியாட்டத்தில் கோல்காத்தவர் பெயர் பீட்டர் தங்கராஜ். நம் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்ற ராணுவ அணிக்காக ஆடி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கால்பந்துக் கோப்பை வாங்கியவர். 2008-இல் பொகாரோவில் காலமானார்.

பலராம் போன அன்று நாலைந்து நண்பர்களுக்குச் செய்தி அனுப்பினேன். அதில் ஒருவர், பத்திரிகையில் வேலை பார்ப்பவர், திருப்பிக் கேட்டார்: “யார் சார், நடிகரா?”

சரி, அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கிறதா? இல்லை.

என் அப்பா பெரம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலைக் கால்பந்து அணியில் லெஃப்ட் அவுட், அதாவது இடது ஓரத்தில் முன்னால் ஆடுபவர். குரூப் போட்டோ ஒன்று வீட்டில் மாட்டியிருந்தது. பின்வரிசை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், முன்வரிசை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் இருப்பவரின் முட்டிக்கு முன்னால் பந்து, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் 1968. சாப்பிட்டுக் கை காய உட்கார்ந்திருக்கும்போது அப்பா விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொல்வார். இவன் தலையால் முட்டினால் கம்பமே ஆடும், இவன் மழைநாளில் மட்டும்தான் ஆடுவான், இவனுக்குக் கல்யாணத்தன்றைக்கு மேட்ச். நான் கேட்டேனா? ரேடியோவில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா போன பிறகு படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டூடியோ முத்திரை இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை. பதினொரு பேர், நிர்வாகி மாதிரி கோட்டு போட்ட இருவர், பந்தில் மட்டும் வருடம். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் பெரம்பூரையும் அயனாவரத்தையும் சுற்றினேன். எண்பது தாண்டிய பெரியவர் ஒருவர் படத்தைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துப் பார்த்தார். நாலு பேரை அடையாளம் சொன்னார். அதிலும் இருவருக்குப் பட்டப்பெயர்தான் வந்தது: ‘கட்டை’, ‘சோடா’. சோடாவின் சொந்தப் பெயர் என்ன ஐயா என்றேன். “சோடாதாம்ப்பா” என்றார். மீதிப் பேர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அப்பா விரல் போன வரிசை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்ன கதைகளும் இருக்கின்றன. எந்தக் கதை எந்த முகத்துக்கு என்பதுதான் இல்லை.

ஆகவே, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். படம் எடுத்த அன்றே எழுதுங்கள்: தேதி, பையன் பெயர், யார் வீட்டுப் பிள்ளை, எந்த இடத்தில் ஆடுகிறான், அன்றைக்கு என்ன ஸ்கோர். பட்டப்பெயரோடு நிறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகள், அதனால் பெயரை இணையத்தில் போட வேண்டாம், நோட்டில் இருக்கட்டும். ஆளுக்கொரு பிரிண்ட் போட்டுப் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வீட்டில் கொடுங்கள். இங்க் பேனா வேண்டாம், ஓதம் பட்டால் போய்விடும். இரண்டு வருடமாகப் போகிறீர்கள், ஏழாம் நம்பர் பையனின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அந்தத் தலைப்பையும் எடுத்துவிடுங்கள். அவனுக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், செத்துப்போன அர்ஜெண்டினாக்காரர் பெயர் எதற்கு?

லென்ஸ் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 50 மி.மீ., எஃப் 1.8. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதுவே போதும். இந்த எஃப் எண் ஏற ஏற லென்ஸின் வாய் சுருங்கும்; உங்கள் லென்ஸ் முழு ஜூமில் 5.6-க்குச் சுருங்கிவிடும், இதில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூம் கிடையாது, நீங்கள்தான் ஓட வேண்டும், ஓடுங்கள். மேற்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் போய்விடும், அதற்குமேல் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. கேமராவின் ஒளியுணர்வு எண்ணான ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று ஏற்றுங்கள், படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். அந்த ஏழாம் நம்பர் பந்தோடு இந்தப் பக்கம் திரும்புகிறவரை பொறுத்திருங்கள்.