நான்காம் வகுப்புக்குச் சீனாவை எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: கோவை அருகே ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாட்டைப் பற்றிப் படித்துக் கண்காட்சி வைக்க வேண்டும். இந்த முறை எங்களுக்கு வந்தது சீனா. இரண்டு வாரங்கள், தினமும் ஒரு பாடவேளை. இணையத்தில் தேடினால் சிவப்பு விளக்கும் டிராகன் முகமூடியும்தான் வருகின்றன. நாட்டின் பெயரைச் சொன்னதுமே சில பிள்ளைகள் கண்ணை இழுத்துக் காட்டிச் சிரித்தார்கள். "அவர்கள் பாம்பு தின்பார்கள்" என்றான் ஒருவன். எங்கே தொடங்குவது?

பதில்: டிராகனை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். முதல் வாரம் முழுவதும், உங்கள் பிள்ளைகளின் வயதுள்ள ஒரு சிறுமி அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிக்கிறாள் என்பது மட்டுமே பாடமாக இருக்கட்டும். எப்போது எழுகிறாள், யார் பள்ளிக்கு அழைத்துப்போகிறார்கள், என்ன சாப்பிடுகிறாள், வீட்டுப்பாடம் எவ்வளவு: ஒன்பது வயதுப் பிள்ளை உலகத்தை இவற்றால்தான் அளக்கிறது. விளக்கும் முகமூடியும் முதலில் வந்தால், அங்கே இருப்பவர்கள் எந்நேரமும் வேடம் கட்டித் திரிகிறவர்கள் என்றே மனத்தில் பதியும். நீங்கள் பார்த்த சிரிப்பு அப்போது குறையாது, கூடும்.

சிறுமிக்கு முதலில் ஓர் ஊர் கொடுங்கள். 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் பொதுவான ‘சீனக் குழந்தை’ என்று ஒருத்தி கிடையாது. வடகிழக்கில் ஹார்பின், தென்மேற்கில் செங்டு, மேற்கு எல்லையருகே காஷ்கர் என்று மூன்று ஊர்களை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஹார்பினில் ஜனவரி மாதம் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். ஆனால் வகுப்பறைக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் கதகதப்பாக இருக்கும். நாட்டின் நடுவே சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் ஒட்டிச் செல்லும் கோட்டுக்குத் தெற்கே பெரும்பாலும் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே பல ஊர்களில் பிள்ளைகள் குளிர்காலத்தில் தடித்த மேலங்கியோடுதான் பாடம் கேட்கிறார்கள். ஏறக்குறைய அதே கோடுதான் கோதுமை உண்ணும் வடக்கையும் அரிசி உண்ணும் தெற்கையும் பிரிக்கிறது. காஷ்கரின் கதை வேறு. நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றே என்பதால், அங்கே குளிர்காலத்தில் கடிகாரம் காலை பத்து மணியைத் தாண்டிய பிறகுதான் சூரியன் தலைகாட்டும். உய்குர் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரின் தாய்மொழி சீனமும் அல்ல. இதைச் சொன்னாலே ‘அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி’ என்ற எண்ணம் ஆட்டங்காணும்.

இனிச் செங்டு சிறுமியோடு நடந்து போங்கள். காலை உணவு ஆவியில் வெந்த பூரணம் வைத்த பன், சூடான சோயா பால், சில நாள் கஞ்சி. சீருடை பெரும்பாலும் தளர்வான விளையாட்டு உடைதான். கழுத்தில் கட்டும் சிவப்புத் துணி, கம்யூனிஸ்ட் கட்சியின் சிறுவர் அமைப்பினுடையது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் அநேகமாக எல்லாரும் அதில் சேர்ந்துவிடுவார்கள். வகுப்பு காலை 8.20க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று 2021இல் கல்வி அமைச்சகம் அறிவுறுத்தியது. ஒரு பாடவேளை 40 நிமிடம். இடையே ஒலிபெருக்கியில் இசை வர, பள்ளி முழுவதும் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்கிறது. 1951இல் தொடங்கிய வழக்கம் இது. வகுப்பு முடிந்ததும் அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் அறையைப் பெருக்கிக் கரும்பலகையைத் துடைக்கிறார்கள். வாசலில் காத்திருப்பவர்களில் பலர் தாத்தா, பாட்டிகள்.

வீட்டுப்பாடத்துக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். 2021இல் வந்த விதிப்படி, முதலிரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது. மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரை சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இப்படி ஒரு விதி நமக்கும் வேண்டுமா என்று கேட்டால் வகுப்பே எழுந்து பேசும். கல்லூரி நுழைவுத் தேர்வு என்ற பெரிய பாரம் ஜூன் மாதத்தில் அங்கேயும் காத்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள். அப்பா, அம்மா இருவரும் தொலைதூர நகரங்களில் வேலைசெய்ய, கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் அங்கே மிகப் பலர். இது இப்போதே பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் இரண்டாம் வாரத்தில் புத்தாண்டின் பொருள் விளங்கும்.

கண்ணை இழுத்துக் காட்டும் விஷயத்தை அது நடக்கும் நொடியிலேயே நிறுத்துங்கள். நீண்ட உபதேசம் வேண்டாம். "இந்த வகுப்பில் யாருடைய முகத்தையும் கேலி செய்வதில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். காரணத்தை அடுத்த நாள் அமைதியாகச் சொல்லலாம். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்திலிருந்து வந்து நம் நகரங்களில் படிக்கிறவர்களும் வேலை செய்கிறவர்களும் இதே சைகையையும் ‘சீனாக்காரர்’ என்ற கேலியையும் தங்கள் சொந்த நாட்டிலேயே தாங்கிக்கொண்டு நடமாடுகிறார்கள். நம் வகுப்பறையில் சிரிப்பாகத் தொடங்குவது தெருவில் அவர்கள்மேல் போய் விழுகிறது. பிறகு ஆளுக்கொரு சிறு கண்ணாடி கொடுத்து அவரவர் கண்ணை வரையச் சொல்லுங்கள். ஒரே வகுப்புக்குள் எத்தனை வடிவம் என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

பாம்பைப் பற்றிய கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள். தெற்கே சில பகுதிகளில் பாம்பு உண்ணும் வழக்கம் இருந்தது உண்மை. காட்டு விலங்குகளை உண்பதற்கு 2020இல் தடை வந்தது. பெரும்பாலான வீடுகளில் அன்றாடம் மேசைக்கு வருவது சோறு அல்லது நூடுல்ஸ், கீரை, காய், டோஃபு, முட்டை, பன்றி இறைச்சி ஆகியவைதான். "சீனா நம் எதிரிதானே?" என்றும் யாராவது கேட்பார்கள். இரு அரசுகளுக்கும் எல்லைத் தகராறு உண்டு, 1962இல் போர் நடந்தது, 2020இல் கல்வானில் வீரர்கள் உயிரிழந்தார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, செங்டு சிறுமிக்கு அதில் பங்கில்லை என்பதையும் சொல்லுங்கள். பாடத்தைத் தொடங்குமுன் பெற்றோருக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினால் நல்லது.

கையால் செய்யும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எண் சைகை. சீனர்கள் ஒன்று முதல் பத்து வரை ஒரே கையில் காட்டிவிடுவார்கள். ஐந்து வரை நம்மைப் போலத்தான். ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீளும். ஏழுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றின் நுனிகளும் சேரும். எட்டுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் விரியும். ஒன்பதுக்கு ஆள்காட்டிவிரல் கொக்கிபோல் வளையும். பத்துக்குக் கையை மூட வேண்டும். ஊருக்கு ஊர் சிறு மாற்றம் உண்டு. சந்தையில் விலை பேசுவதுபோல் வாய் திறக்காமல் விளையாடவிடுங்கள். கால் மணி நேரத்தில் வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளும். சீனத்தில் பதினொன்று ‘பத்து ஒன்று’, இருபது ‘இரண்டு பத்து’. நம் எண்களைப் பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு இது புதிதல்ல.

அதேபோல் முகவரி. அங்கே பெரியதிலிருந்து சிறியதற்கு வருவார்கள்: மாகாணம், நகரம், தெரு, வீட்டு எண், கடைசியில் ஆள். தேதியும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். பெயரிலும் குடும்பப் பெயர்தான் முன்னால் நிற்கும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் குடும்பப் பெயர் யாவ். ஒவ்வொரு பிள்ளையும் தன் முகவரியை ‘இந்தியா, தமிழ்நாடு, கோவை’ என்று தொடங்கி எழுதிக் கடைசியில் தன் பெயரில் முடிக்கட்டும். ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் தலைப்பெழுத்தாக முன்னால் போடும் நமக்கு அந்த வரிசை உடனே பிடிபடும்.

உறவுமுறை இன்னும் எளிது. அண்ணனுக்குக் ‘கெக’, தம்பிக்குத் ‘தீதி’, அக்காவுக்கு ‘ஜியேஜியே’, தங்கைக்கு ‘மேய்மேய்’. அப்பாவின் பெற்றோருக்கும் அம்மாவின் பெற்றோருக்கும் வெவ்வேறு பெயர்கள். அப்பாரு, அப்புச்சி என்று பிரித்துச் சொல்லும் கொங்குப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக்கு மேல் பெற்றுக்கொள்ளப் பெரும்பாலான நகரக் குடும்பங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் இன்றைய பெற்றோரில் பலர் கூடப்பிறந்தவர் இல்லாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சித்தப்பாவும் அத்தையும் இல்லை. தங்கள் வீட்டு உறவுப் படத்திலிருந்து அவர்களை அழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சட்டம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்று அந்த வெற்றிடம் காட்டும்.

எழுத்துக்கு ஒரு வேளை போதும். சதுரம் போட்டு அதைச் சிலுவைக் கோட்டால் நான்காகப் பிரித்த கட்டத்தில்தான் அங்கே பிள்ளைகள் எழுதிப் பழகுகிறார்கள். மரத்தைக் குறிக்கும் எழுத்தை இரண்டு முறை போட்டால் தோப்பு, மூன்று முறை போட்டால் காடு. ஆனால் சீன எழுத்து என்றால் படம் என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒலியையும் உணர்த்துகின்றன. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் சுமார் 3,000 எழுத்துகளை அடையாளம் காணவும் 2,500 எழுத்துகளை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். நம் 247ஐப் பற்றி முறையிடும் பிள்ளைகளுக்கு அந்த உழைப்பின்மீது தானாகவே மதிப்பு வரும்.

சாப்பாட்டில் கோபி மஞ்சூரியனைக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டாம். அது இந்தியாவில் பிறந்தது. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களிடமிருந்து வளர்ந்த சமையல் மரபைச் சேர்ந்தது. பிள்ளைகளே செய்யக்கூடியது இடித்த வெள்ளரிக்காய். கழுவிய காயைப் பூரிக்கட்டையால் தட்டி உடைத்து, உப்பு, நசுக்கிய பூண்டு, வினிகர், சிட்டிகை சர்க்கரை, வறுத்த எள் சேர்த்துப் பிரட்டினால் முடிந்தது. அடுப்பும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். எள் ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். செங்டு மக்கள் காரத்துக்குப் பேர்போனவர்கள். அவர்களுக்கும் நமக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரத்தில் திருவிழா. சீனப் புத்தாண்டு ஓர் அமாவாசை நாளில், ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே வரும். நகரத்தில் வேலைசெய்யும் அந்தப் பெற்றோர் ரயில் ஏறி ஊருக்கு வருவது அப்போதுதான். பிள்ளையைப் பல மாதங்கள் கழித்துப் பார்ப்பவர்களும் உண்டு. இதைச் சொன்ன பிறகு சிவப்பு உறை செய்யுங்கள். புது நோட்டு வைத்து இரு கையாலும் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது. பன்னிரண்டு விலங்குகளை வகுத்தல் கணக்காக்கிவிடலாம். பிறந்த ஆண்டை 12ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 வந்தால் குரங்கு. பின் வரிசையாகச் சேவல், நாய், பன்றி, எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு. ஜனவரியிலோ பிப்ரவரி 20க்கு முன்போ பிறந்தவர்களுக்கு முந்தைய ஆண்டின் விலங்கு வரக்கூடும். டிராகனை இங்கே கொண்டுவாருங்கள். சீன மரபில் அது மழைக்கும் நீருக்கும் உரியது.

நிலாவையும் விடாதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அதில் பாட்டி வடை சுடுகிறாள். அங்கே ஒரு முயல் உரலில் மருந்து இடிக்கிறது. 2013 டிசம்பரில் நிலாவில் இறங்கிய சீன ஊர்திக்கு ‘ஜேட் முயல்’ (ஜேட் ஒரு பச்சைக்கல்) என்ற அந்த முயலின் பெயரைத்தான் வைத்தார்கள்.

தமிழோடு உள்ள உறவுக்கு இரண்டு கற்கள் போதும். தென்கிழக்குத் துறைமுகமான சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் இருந்ததற்கு அது சான்று. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ இலங்கைக்குக் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் உண்டு. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. இலங்கையின் காலி நகரில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கண்காட்சி நாளில் கூம்புத் தொப்பியும் பொய்ச் சடையும் வேண்டவே வேண்டாம். அந்தச் சடை, 1645இல் மஞ்சு ஆட்சியாளர்கள் மரண தண்டனை அச்சத்தில் ஆண்கள்மீது திணித்தது. 1911 புரட்சியோடு ஒழிந்தது. கிமோனோவும் கராத்தேவும் ஜப்பானுடையவை. மேடை நிகழ்ச்சிக்குப் பதிலாக ஐந்தாறு மேசைகள் போடுங்கள். எண் சைகை, மீதிக் கணக்கு, முகவரி, எழுத்துக் கட்டம், வெள்ளரிக்காய் என்று மேசைக்கு இரண்டு பிள்ளைகள் நின்று, வரும் பெற்றோருக்கு அவர்களே கற்றுக்கொடுக்கட்டும். வெளியே இடமிருந்தால் இறகுப்பந்து உதைக்கும் ஆட்டத்தை வையுங்கள். சீனப் பள்ளி முற்றங்களில் நெடுங்காலமாக ஆடப்படுவது அது. இரண்டு இரும்பு வாஷர்களைச் சேர்த்து, நடுத் துளையில் கோழி இறகுகளையோ பிளாஸ்டிக் நார்களையோ செருகிக் கட்டினால் பந்து தயார். கையால் தொடாமல் உள்பாதத்தால் தட்டித் தட்டி மேலே எழுப்ப வேண்டும். முதல் நாள் இரண்டு தட்டுக்கு மேல் யாருக்கும் நிற்காது. அதனால் பந்துகளை முதல் வாரத்திலேயே செய்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.